கை சென்ற வழியே கண்: சீனத் தூரிகை எழுத்தை ரசிப்பதில் அசைவின் இடம்

தெற்குச் சோங் காலக் கவிஞரும் இசையறிஞருமான ஜியாங் குய், 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தூரிகை எழுத்தைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். பழைய மேதைகளின் எழுத்துகளைத் தாம் பார்த்தபோதெல்லாம் அவற்றின் புள்ளிகளும் கோடுகளும் அதிர்வதாகவே தோன்றியதென்றும், அவர்கள் தூரிகையை வீசிய நேரத்தையே நேரில் காண்பது போல இருந்ததென்றும் அதில் அவர் சொல்கிறார். அவர் பார்த்தவற்றுள் பல, அவர் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே மை காய்ந்தவை. காய்ந்த மையில் ஒருவரால் எவ்வாறு அசைவைக் காண முடிகிறது? சீன எழுத்துக்கலையின் ரசனை முழுவதும் இந்தக் கேள்வியைச் சுற்றியே அமைந்திருக்கிறது என்பது என் கருத்து. எழுத்தின் வடிவம் அழகாக இருக்கிறதா என்று கேட்பதற்கு முன்பாகவே, அந்த வடிவத்தை விட்டுச்சென்ற கை எப்படி நகர்ந்தது என்று தேறிய பார்வையாளர் கேட்கிறார். அந்த நகர்வைத் தம் மனத்துக்குள் மீண்டும் நிகழ்த்திப் பார்க்கிறார்.

இதற்கு இடம் கொடுப்பவை முதலில் கருவிகள். சீனத் தூரிகை கூம்பு வடிவானது. வெள்ளாட்டு முடியிலோ, அதைவிட விறைப்பான வீசல் என்னும் சிறு விலங்கின் வால்முடியிலோ செய்யப்படும் அது, நுனியில் ஊசிபோல் கூர்ந்தும் வயிற்றில் மையைத் தேக்கிக்கொண்டும் இருக்கும். மெல்லத் தொட்டால் மயிரிழைக் கோடு விழும். அழுத்தினால் விரல் பருமனுக்குக் கோடு விரியும். ஆகவே கை கீழே இறங்கியதும் மேலே எழுந்ததும் கோட்டின் அகலமாகப் பதிவாகிவிடுகின்றன. மை, புகைக்கரியையும் விலங்குப் பசையையும் சேர்த்துக் கட்டியாக்கி, கல்லின் மீது நீர் விட்டு இழைத்து எடுக்கப்படுவது. இழைப்பவரின் விருப்பப்படி அது கெட்டியாகவோ நீர்த்தோ அமையும். ஆன்ஹுய் மாகாணத்தில் மரப்பட்டை நாரையும் வைக்கோலையும் கொண்டு செய்யப்படும் ஷுவான் காகிதம், பசையூட்டப்படாத நிலையில் மையைத் தொட்ட மாத்திரத்தில் உறிஞ்சிக்கொள்கிறது. தூரிகை ஒரு கணம் தயங்கினால் அந்த இடத்தில் மை பரவித் திட்டாகிறது. விரைந்தால் மை முழுதும் இறங்குவதற்குள் நுனி கடந்துபோய்விடுவதால் கோட்டுக்குள் காகிதத்தின் வெண்மை இழையிழையாகத் தெரிகிறது. மிகப் பழைய படைப்புகள் எழுதப்பட்ட பட்டும் நார்க்காகிதங்களும் வேறு விதமாக உறிஞ்சுபவை என்றாலும், எழுதியதை யாரும் அறியாமல் திருத்த முடியாது என்ற விதி எல்லாவற்றுக்கும் பொதுவானது. எண்ணெய் வண்ண ஓவியர் நேற்றைய தவற்றை இன்றைய வண்ணத்தால் மூடலாம். இங்கே அந்த வசதி கிடையாது. கை செய்தது அனைத்தும் அப்படியே வெளியில் கிடக்கிறது.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. சீன எழுத்து ஒவ்வொன்றுக்கும் எந்தக் கோடு முதலில், எந்தக் கோடு அடுத்து, எந்தத் திசையில் என்ற ஒழுங்கு உண்டு. மேலே உள்ளது முன், கீழே உள்ளது பின்; இடது முன், வலது பின்; குறுக்குக்கோடு முன், நெடுங்கோடு பின்; நாற்புறமும் சூழும் கட்டமானால் அடிக்கோடு கடைசியில். பள்ளியில் சீனம் கற்ற எவரும் இந்த ஒழுங்கை மனப்பாடமாக அன்றி, கையின் பழக்கமாகவே வைத்திருக்கிறார். எனவே ஓர் எழுத்துச் சுருளின் முன் நிற்கும்போது, தூரிகை எங்கே நுழைந்தது, எங்கே திரும்பியது, எங்கே காகிதத்தை விட்டு எழுந்தது, காற்றில் எந்த வழியாகச் சென்று அடுத்த கோட்டில் இறங்கியது என்பதெல்லாம் அவருக்கு ஏற்கெனவே தெரியும். அவர் தேடுவது, எல்லோருக்கும் பொதுவான அந்தப் பாதையில் இந்த ஒருவர் எப்படி நடந்தார் என்பதை. மேலை நாட்டு அரூப ஓவியத்திலும் தூரிகைத் தீற்றலின் வேகம் தெரியும். ஆனால் எந்தத் தீற்றல் முன்னது, எது பின்னது என்பதை நாம் ஊகிக்கத்தான் முடியும். சீன எழுத்தில் வரிசையும் திசையும் உறுதியாகத் தெரிந்திருப்பதால், பார்வை முழுவதும் வேகம், அழுத்தம், தயக்கம் ஆகியவற்றின் மீது குவிய முடிகிறது.

ஒரே ஒரு குறுக்குக்கோட்டை எடுத்துக்கொள்வோம். கோடுகளைத் தனித்தனியாக, தெளிவாக எழுதும் செந்நடை எழுத்தில் அது ஒரு நேர்கோடாகத் தோன்றினாலும், அதற்குள் குறைந்தது மூன்று அசைவுகள் இருக்கின்றன. வலப்புறம் செல்லவேண்டிய தூரிகை முதலில் சிறிது இடப்புறம் சென்று தன் நுனியை மறைத்துக்கொள்கிறது. பின் அழுந்தி, நுனியைக் கோட்டின் நடுவிலேயே வைத்துக்கொண்டு வலப்புறம் நகர்கிறது. முடிவில் நின்று, அழுந்தி, வந்த வழியே சற்றுத் திரும்பி எழுகிறது. நுனி மறைந்து தொடங்கினால் கோடு அடக்கமும் உறுதியும் உள்ளதாகத் தெரியும். நுனி வெளிப்படையாக இறங்கினால் கூர்மையும் துள்ளலும் தெரியும். ‘நிலையானது’ என்று பொருள்படும் ‘யோங்’ என்ற எழுத்தில் அடிப்படைக் கோடுகள் எட்டும் அடங்கியிருப்பதால், அந்த ஓர் எழுத்தைக் கொண்டே மாணவர்க்குப் பயிற்சி தரும் முறை நெடுங்காலமாக இருந்துவருகிறது. அந்தப் பாடம் கோடுகளின் வடிவத்தைச் சொல்வதில்லை. செய்யவேண்டிய செயலையே சொல்கிறது. குறுக்குக்கோட்டைக் குதிரையின் கடிவாளத்தை இழுத்துப் பிடிப்பது போல எழுத வேண்டும். மேல்நோக்கிய சிறு கோட்டைச் சாட்டையைச் சொடுக்குவது போல. இடப்புறம் விழும் குறுங்கோட்டைப் பறவை கொத்துவது போல. 4ஆம் நூற்றாண்டின் வேய் அம்மையார் பெயரில் வழங்கிவரும் பழைய நூலொன்று, புள்ளியை மலையுச்சியிலிருந்து விழும் பாறைக்கும், நெடுங்கோட்டைப் பல்லாண்டு முதிர்ந்து காய்ந்த கொடிக்கும் ஒப்பிடுகிறது. விழுதல், இழுத்தல், கொத்துதல் என்று கற்ற கை, பிற்பாடு வேறொருவரின் எழுத்தைப் பார்க்கும்போதும் அவற்றையே காண்கிறது.

எழுதுபவரின் உடல் முழுவதும் இதில் பங்கு கொள்கிறது. சிறிய செந்நடை எழுத்துகளுக்கு மணிக்கட்டு மேசை மீதோ இடக்கையின் மீதோ அமர்ந்திருக்கலாம். எழுத்து பெரிதாகப் பெரிதாக மணிக்கட்டு எழுகிறது, பிறகு முழங்கை எழுகிறது, இன்னும் பெரிதானால் எழுதுபவரே எழுந்து நின்று தோளிலிருந்தும் இடுப்பிலிருந்தும் எழுதுகிறார். விரலால் எழுதிய வளைவும் தோளால் எழுதிய வளைவும் ஒன்றாக இருப்பதில்லை; முன்னது சிறு திருப்பங்கள் நிறைந்தது, பின்னது ஒரே மூச்சில் செல்வது. தூரிகையைப் பிடிப்பது பற்றி ஒரு பழைய கதை உண்டு. எழுத்துக்கலையின் தலைமகனாகப் போற்றப்படும் வாங் ஷீஜி, தம் சிறு மகன் வாங் ஷியன்ஜி எழுதிக்கொண்டிருக்கையில் பின்னால் மெதுவாக வந்து தூரிகையைப் பிடுங்கப் பார்த்தாராம், அது வரவில்லை, இவன் பெரும்பெயர் பெறுவான் என்றாராம். பல தலைமுறைகள் இதை இறுகப் பிடிப்பதன் பெருமையாகவே படித்துவந்தன. 11ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சூ ஷி இதை மறுத்தார். தூரிகை போகும் போக்கில் அதை விட்டும், அதே வேளையில் முறை தவறாமலும் இருப்பதே கலை என்பது அவர் வாதம். சிறுவனின் முழுக் கவனத்தைத்தான் தந்தை பாராட்டினார் என்று அவர் கொண்டார். இன்றும் இறுகப் பிடித்த கையின் கோட்டை அடையாளம் காண்பது கடினமன்று: அதில் அழுத்தம் ஏறி இறங்குவதே இல்லை.

அசைவைப் படிப்பது என்றால் என்ன என்பதைக் காட்ட, தைப்பேயின் தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு கையெழுத்துப் படியைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை. தாங் அரசின் உயர் அலுவலரும் எழுத்து மேதையுமான யென் ஜென்ச்சிங், 758ஆம் ஆண்டில் தம் உறவினரின் மகனான யென் ஜிமிங்குக்காக எழுதிய இரங்கலுரையின் முதற்படி அது. தாங் அரசை எதிர்த்துப் படைத்தலைவர் ஆன் லூஷான் நடத்திய கிளர்ச்சியில் அந்த இளைஞனும் அவன் தந்தையும் கொல்லப்பட்டனர். பின்னர் தேடிச் சென்றபோது இளைஞனின் தலை மட்டுமே கிடைத்தது. 23 வரிசைகளில் 230க்கு மேற்பட்ட எழுத்துகள். பிறர் பார்ப்பதற்காக அல்ல, படையலின்போது படிக்கவேண்டிய உரையைத் தயார் செய்வதற்காக எழுதப்பட்ட வரைவு அது. அழகாக எழுத வேண்டும் என்ற எண்ணம் எங்குமே தெரியவில்லை.

தொடக்க வரிசைகளில் நாள், எழுதுபவரின் பதவிகள் என்று சடங்குக்குரிய சொற்கள் வருகின்றன. எழுத்துகள் ஒன்றையொன்று தொடாமல், ஓரளவு ஒரே அளவில், நிதானமாக நிற்கின்றன. இளைஞனைப் பற்றிய பேச்சு தொடங்கியதும் கோடுகள் இணையத் தொடங்குகின்றன. முற்றுகையிடப்பட்ட நகருக்கு உதவி வரவில்லை என்று சொல்லுமிடத்தை ஒட்டி அடித்தல்களும் இடைச்செருகல்களும் பெருகுகின்றன. தந்தை சிக்கினார், மகன் இறந்தான், கூடு கவிழ்ந்து முட்டைகள் சிதறின என்ற வரியில் எழுத்துகள் கனத்து விரிகின்றன. இதோடு மையையும் கவனிக்க வேண்டும். ஒருமுறை மையைத் தொட்டால், தூரிகை முற்றிலும் வறண்டு, முடிகள் பிரிந்து, காகிதத்தைத் தேய்க்கும் வரை யென் ஜென்ச்சிங் எழுதிக்கொண்டே போகிறார். அதன் பிறகே மீண்டும் மை தொடுகிறார். இந்தப் படியில் கருமையிலிருந்து வறட்சிக்குச் செல்லும் நீண்ட ஓட்டங்களைக் கண்ணால் எண்ணிவிடலாம். மையில் தோய்க்கக் கை விலகினால் நினைவு அறுந்துவிடும் என்பது போன்ற ஓட்டம் அது. இறுதி வரிசைகளில், இரங்கலுரைகளுக்கே உரிய முடிவு வாசகம், கோடுகளை இணைத்து விரைந்து எழுதும் முழு ஓட்டெழுத்தாகச் சரிந்துவிடுகிறது.

இதைப் பார்க்கும் ஒருவர் துயரத்தின் சின்னங்களைக் காண்கிறார் என்று சொல்வது போதாது. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு கையின் வேக மாற்றங்களைத் தம் கையிலேயே ஓரளவு உணர்கிறார். 2019இல் இந்தப் படி தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்துக்கு இரவலாக அனுப்பப்பட்டபோது, இவ்வளவு மென்மையான பழம்பொருளை அனுப்பலாமா என்று தைவானிலும் சீனாவிலும் கடும் விவாதம் எழுந்தது. அதில் வெளிப்பட்ட கோபத்தின் அளவுக்கு, அது பழையது என்பதோ விலைமதிப்பற்றது என்பதோ மட்டும் காரணமாக இருக்க முடியாது என்று நினைக்கிறேன். ஒரு மனிதர் அழுத நேரம் அந்தத் தாளில் இருக்கிறது என்றே அதை அறிந்தவர்கள் கருதுகிறார்கள்.

எழுத்தின் அசைவை எழுத்துக்கு வெளியே கற்றுக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையும் இந்த மரபில் ஆழமானது. கவிஞர் து ஃபூ, 767இல் குய்ஜோவில் ஒரு பெண்ணின் வாள் நடனத்தைக் கண்டு கவிதை எழுதினார். அவள் ஆசிரியையான கோங்சுன் என்ற புகழ்பெற்ற நடன மாதைத் தாம் சிறுவயதில் பார்த்ததை அதன் முன்னுரையில் நினைவுகூர்ந்துவிட்டு, ஓட்டெழுத்தில் வல்லவரான ஜாங் ஷூ, கோங்சுன்னின் வாள் நடனத்தைப் பலமுறை கண்ட பிறகே தம் எழுத்தில் பெரும் வளர்ச்சி அடைந்தார் என்று அவர் பதிவுசெய்கிறார். சோங் காலத்தின் ஹுவாங் திங்ஜியென், சிச்சுவான் பகுதியில் வாழ்ந்தபோது படகோட்டிகள் துடுப்பு வலிப்பதைப் பார்த்துத் தூரிகையின் நெறி தமக்குப் புலப்பட்டது என்று தாமே எழுதியிருக்கிறார். அவர் 1102இல் எழுதிய பைன் காற்று மண்டபக் கவிதைச் சுருளைப் பார்த்தால் இது அலங்காரப் பேச்சு அல்ல என்று தெரியும். எழுத்தின் நடுவிலிருந்து வெளியே நீளும் அவருடைய நெடிய கோடுகள், நீரின் எதிர்ப்பைத் தாங்கிச் செல்லும் துடுப்புபோல் மெல்ல அதிர்ந்து அதிர்ந்து செல்கின்றன. வாங் ஷீஜி வாத்துகளின் கழுத்து வளைவைப் பார்த்து மணிக்கட்டின் திருப்பத்தைக் கற்றார் என்ற கதையும் உண்டு. அவர் வாத்துப் பிரியர் என்பது வரலாறு, மற்றது பின்னாளில் சேர்ந்ததாக இருக்கலாம். எனினும் இத்தகைய கதைகள் பார்வையாளருக்குப் பயன்படுகின்றன. துடுப்பை அறிந்தவர் அந்தக் கோட்டை முன்போல் பார்ப்பதில்லை.

இதுவரை சொன்னது எழுதிய பின் எஞ்சும் தடத்தைப் பற்றியது. எழுதுவதையே நேரில் பார்க்கும் வழக்கமும் சீனாவில் பழமையானது. தாங் தலைநகரில் ஜாங் ஷூ குடித்துவிட்டுக் கூச்சலிட்டு ஓடி, சில வேளைகளில் தலைமயிரையே மையில் தோய்த்து எழுதினார் என்று வரலாறு சொல்கிறது. மூன்று கோப்பைக்குப் பின் பெருமக்கள் முன்னிலையில் தொப்பியைக் கழற்றிவிட்டு அவர் எழுதியதை து ஃபூவும் பாடியிருக்கிறார். அவருக்கு அடுத்து வந்த துறவி ஹுவாய்சு சுவர்களில் எழுதினார். 777இல் அவர் எழுதிய, ஏழரை மீட்டர் நீளமுள்ள தன்வரலாற்றுச் சுருளில், தம்மைப் பற்றிப் பிறர் எழுதிய வரிகளை அவரே எடுத்துக்காட்டுகிறார். திடீரென மூன்று, ஐந்து முறை உரக்கக் கூவுகிறார், சுவர் நிறையக் குறுக்கும் நெடுக்குமாக ஆயிரக்கணக்கான எழுத்துகள் என்கிறது அவற்றுள் ஒன்று. அந்தச் சுவர்களில் ஒன்றுகூட இன்று இல்லை. பார்வையாளரின் வியப்பு மட்டும் சுருளில் எழுத்தாக நிற்கிறது. சுருளின் பிற்பகுதியில் எழுத்துகள் பெருத்து, சில இடங்களில் இரண்டே எழுத்துகள் ஒரு வரிசையை நிரப்பிவிடுகின்றன.

இன்றைய பெய்ஜிங்கின் பூங்காக்களில் முதியவர்கள் நீண்ட கைப்பிடியுள்ள பஞ்சுத் தூரிகையை நீரில் தோய்த்துத் தரைக்கற்களில் எழுதுகிறார்கள். சில நிமிடங்களில் அது உலர்ந்துவிடும் என்பதால் அங்கே கூடுபவர்கள் பார்ப்பது பெரும்பாலும் எழுதும் செயலைத்தான். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வாழும் தமிழர்களுக்கும் இதற்கு நெருங்கிய ஒரு காட்சி பழக்கமானது: சீனப் புத்தாண்டுக்கு முன், சிவப்புத் தாளில் வாழ்த்து இணைவரிகளை ஒருவர் எழுத, வாங்க வந்தவர்கள் சுற்றி நின்று பார்ப்பார்கள். தைவானின் மேகவாயில் நடனக் குழுவோ இந்த அசைவை மேடைக்கே கொண்டுவந்தது. அதன் நிறுவனர் லின் ஹ்வாய்-மின் 2001, 2003, 2005 ஆகிய ஆண்டுகளில் அமைத்த மூன்று நடனங்கள் ஓட்டெழுத்தை அடிப்படையாகக் கொண்டவை. நடனக் கலைஞர்கள் தூரிகை எழுத்தைப் பயின்று, மூச்சும் எடையும் ஒரு கோட்டில் எப்படிப் போகின்றன என்று உடலால் கண்டறிந்தார்கள். கோங்சுன்னின் வாளிலிருந்து ஜாங் ஷூவின் தூரிகைக்குச் சென்றதை அவர்கள் திரும்ப நடனத்துக்குள் எடுத்துக்கொண்டார்கள் எனலாம்.

உளவியலும் நரம்பியலும் இந்தப் பழைய அனுபவத்தை வேறொரு பக்கத்திலிருந்து அணுகியிருக்கின்றன. அசையாத கையெழுத்தைப் பார்த்தே அது எழுதப்பட்ட விதத்தை மக்கள் உணர்கிறார்கள் என்பதை ஜெனிஃபர் ஃப்ரைட் 1980களில் செய்த ஆய்வுகள் காட்டின. 2003இல் பிரான்சில் மரியெக் லோங்காம்பும் உடன் பணியாற்றியவர்களும், தனி எழுத்துகளை வெறுமனே பார்க்கும்போதே எழுதுவதற்குப் பயன்படும் மூளைப்பகுதியொன்று இயங்குவதைக் கண்டனர். கையால் எழுதிப் பழகாத, எழுத்து போன்ற பொய்க்குறிகளுக்கு அது அவ்வாறு இயங்கவில்லை. ‘அ’ எழுதக் கற்ற ஒருவரால் அதை வெறும் வளைவுகளாக இனிப் பார்க்க முடியாது என்று நாம் அனுபவத்தில் அறிந்ததே இது. சீன எழுத்தைப் பற்றிய நேரடியான சான்று 2000ஆம் ஆண்டில் பீட்டர் ட்செயும் பாட்ரிக் கவானாவும் வெளியிட்ட ஆய்வு. திரையில் ஒரு சீன எழுத்து கோடுகோடாகக் கூடிக்கொண்டே போகும். ஒவ்வொரு புதிய கோடும் ஒரே நொடியில் முழுதாகத் தோன்றினாலும், அது ஒரு முனையிலிருந்து வளர்ந்து வருவதாகக் கண்ணுக்குப் படும். அந்த வளர்ச்சி எந்தத் திசையில் என்பதில், எழுதும் திசையோடு காட்சியின் இயல்பான தூண்டல் முரண்பட்ட இடத்தில், சீனர்கள் கோடு எழுதப்படும் திசையிலும், சீனம் அறியாத அமெரிக்கர்கள் அதற்கு எதிர்த்திசையிலும் அசைவைக் கண்டார்கள். கையின் கல்வி கண்ணின் காட்சியையே மாற்றிவிடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

காண்பதை மட்டுமன்றி விரும்புவதையும் கையின் கல்வி மாற்றுமா? 2012இல் ஹெல்முட் லேடரும் உடன் பணியாற்றியவர்களும், புள்ளிகளால் ஆன ஓவியங்களையும் நீண்ட தீற்றல்களால் ஆன ஓவியங்களையும் காட்டி, பார்ப்பவர்களின் கையை மறைவில் குத்தவோ தீற்றவோ வைத்தார்கள். ஓவியரின் அசைவும் தம் கையின் அசைவும் ஒத்துப்போன ஓவியங்களை மக்கள் சற்று அதிகமாக விரும்பினார்கள். பாலே, கப்போய்ரா ஆகிய இருவகை நடனக்காரர்களைக் கொண்டு பெயட்ரிஸ் கால்வோ-மெரினோ 2005இல் வெளியிட்ட ஆய்வில், தாம் பயின்ற நடனத்தைக் காணும்போது மூளையின் இயக்கப் பகுதிகள் கூடுதலாக இயங்கின. இவற்றைச் சேர்த்துப் பார்த்தால், எழுதத் தெரிந்தவரே ஆழ்ந்து ரசிப்பவர் என்ற சீன மரபின் கருத்துக்கு வலுச் சேர்கிறது. ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. ஒரு செயலை நாம் செய்யும்போதும் பிறர் செய்வதைப் பார்க்கும்போதும் இயங்கும் கண்ணாடி நரம்பணுக்கள் என்ற பெயரில் கலை அனுபவம் முழுவதையும் விளக்கிவிடும் ஆர்வம் 2000களில் மிகுந்திருந்தது. மூளையின் ஒரு பகுதி இயங்குவது வேறு, ஒரு படைப்பு உயர்ந்தது என்று மனம் ஒப்புவது வேறு. யென் ஜென்ச்சிங்கின் வறண்ட கோட்டை நம் கை உணர்ந்தாலும், அது ஏன் நம்மை உலுக்குகிறது என்பதற்கு அந்த இளைஞனின் கதையும் தேவைப்படுகிறது.

இனி, இந்த வாதம் முழுவதையும் சோதிக்கும் ஒரு பொருளைப் பார்க்க வேண்டும். எழுத்துக்கலையின் தலைசிறந்த படைப்பாகச் சீனர்கள் கருதுவது, வாங் ஷீஜி 353ஆம் ஆண்டு வசந்தத்தில் லான்திங் என்ற இடத்தில் நண்பர்களோடு கூடிய நாளில், அங்கே பாடப்பட்ட கவிதைகளுக்கு எழுதிய முன்னுரை. 28 வரிசைகளில் 324 எழுத்துகள். ‘ஜி’ என்ற ஓர் எழுத்து இருபது முறை வந்தும் ஒவ்வொரு முறையும் வேறு விதமாக நடக்கிறது. ஆனால் மூலப்படி கிடையாது. அதைப் பெருங்காதலோடு சேகரித்த தாங் பேரரசர் தைசோங், தம்மோடு கல்லறைக்கு எடுத்துச் சென்றார் என்பது வழிவழிச் செய்தி. நம்மிடம் எஞ்சியவற்றுள் மிகச் சிறந்ததாகக் கருதப்படும் படி, ஃபெங் ச்செங்சுவின் பெயரால் அறியப்பட்டு, பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது பெரும்பாலும், மூலத்தின் மேல் மெல்லிய தாளை வைத்து ஒவ்வொரு கோட்டின் ஓரங்களையும் மயிரிழைக் கோட்டால் வரைந்து, உள்ளே மை நிரப்பிச் செய்யப்பட்டது. பிரிந்த முடிகளின் தடம்கூட ஒவ்வொன்றாக வரையப்பட்டிருக்கிறது. பல தலைமுறைகள் வியந்து பேசிய அந்தத் துள்ளலும் விரைவும், மிக மெதுவாக, பொறுமையாக நகர்ந்த ஒரு கையின் வேலை. ஹுவாய்சுவின் சுருளுமே பிற்காலப் படியாக இருக்கலாம் என்று சில அறிஞர்கள் வாதிட்டிருக்கிறார்கள்.

அப்படியானால் பார்வையாளர் உணரும் அசைவு பொய்யா? அப்படிச் சொல்ல மாட்டேன். பார்வையாளர் காண்பது தடத்திலிருந்து தாம் கட்டியெழுப்பும் அசைவை. தடம் துல்லியமாக இருந்தால், அதைப் பதித்த கை எதுவானாலும், அந்த அசைவு எழுகிறது. கல்வெட்டுகளில் இது இன்னும் தெளிவாகிறது. பல நூற்றாண்டுகளாகச் சீன மாணவர்கள் மூல எழுத்தை அல்ல, கல்லில் வெட்டி மைப்படி எடுத்த வெள்ளெழுத்தையே பார்த்துப் பயின்றார்கள். அங்கே மையின் கருமையும் வறட்சியும் மறைந்து, உளியின் கூர்மை சேர்ந்துவிடுகிறது. 2005இல் மறைந்த அறிஞர் ச்சி கோங், உளியின் முனையை ஊடுருவித் தூரிகையின் முனையைக் காண வேண்டும் என்று பாடினார். வெட்டியவரின் அசைவை விலக்கி எழுதியவரின் அசைவை மீட்டெடுக்கும் இந்தப் பார்வை, தானாக வருவதன்று, பயிற்சியால் வருவது. வடக்கு வேய் அரசமரபுக் காலக் (4–6ஆம் நூற்றாண்டுகள்) கல்வெட்டுகளின் கட்டமான மூலைகளை உளி தந்ததா தூரிகை தந்ததா என்பதில் ச்சிங் அரசமரபுக் காலத்திலிருந்து (1644–1912) இன்றுவரை எழுதுபவர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. எந்தக் கருத்தை ஏற்றுப் பார்க்கிறோமோ அதற்கேற்ப அந்தக் கற்கள் முரட்டுத்தனமாகவோ வலிமையாகவோ தெரிகின்றன.

தடத்தில் தெரியும் அசைவுக்கும் அதைப் பதித்த கையின் அசைவுக்கும் உள்ள இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்தே இன்றைய மேடை நிகழ்வுகளையும் மதிப்பிட வேண்டும். அண்மைக் காலத்தில் சீனாவில் சிலர் உரக்கக் கத்தியபடி ஆளுயரத் தூரிகையால் எழுதுவதும், ஊசிக்குழலால் மையைப் பீய்ச்சுவதும் காணொளிகளாகப் பரவி, பெரும் கூட்டத்தையும் கடும் கண்டனத்தையும் ஒருங்கே பெற்றன. ஜாங் ஷூவும் கூவினாரே என்று அவர்கள் தரப்பில் கேட்கப்படுகிறது. கேள்வி நியாயமானது. ஆனால் ஜாங் ஷூ செந்நடை எழுத்திலும் வல்லவராகவே போற்றப்பட்டவர். அவர் பிற கலைகளில் மனத்தைச் சிதறவிடாமல், மகிழ்ச்சி, சினம், வறுமை, துயர் என்று உள்ளத்தில் எழுந்த அனைத்தையும் ஓட்டெழுத்திலேயே வெளிப்படுத்தினார் என்று அவருக்குப் பின்வந்த தாங் கால எழுத்தாளர் ஹான் யூ எழுதினார். கூவியது தாளில் இறங்கியதா என்பதுதான் அளவுகோல். எழுதுபவரின் தோள் வீச்சைப் பார்த்து மயங்கிய நாம், நிகழ்ச்சி முடிந்து அந்தத் தாளை மட்டும் தனியே பார்க்கும்போது அதே வீச்சு கோட்டில் இல்லையென்றால், நாம் பாராட்டியது நடிப்பை. இதற்கு நேர்மாறாக, ஒரு தேர்ந்த கலைஞர் எழுதுவதைப் பார்த்தால் பல வேளைகளில் வெளியில் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. எல்லாம் தூரிகை நுனியின் சில மில்லிமீட்டர் ஏற்ற இறக்கத்தில் நடந்துவிடுகிறது.

ஆகவே சீனம் படிக்கத் தெரியாத பார்வையாளருக்கு அசைவைக் காட்ட விரும்பும் அருங்காட்சியகங்கள், கலைஞர் வீசி வீசி எழுதும் காணொளியை ஓடவிடுவதைவிட, சுருளிலுள்ள ஓர் எழுத்தையே எடுத்து, அதன் கோட்டு வரிசையையும் தூரிகை எழுந்து இறங்கிய இடங்களையும் பக்கத்தில் மெதுவாக வரைந்து காட்டுவது பயனுள்ளது என்று கருதுகிறேன். அத்தகைய உதவி இல்லாத இடத்திலும் வழி உண்டு. சீன எழுத்து மேலிருந்து கீழாகவும், வரிசைகள் வலமிருந்து இடமாகவும் செல்கின்றன என்பதை அறிந்தால் போதும். மை மிகக் கருமையாக, ஈரமாக இருக்கும் ஓர் எழுத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து கீழ்நோக்கி, அடுத்த இடப்பக்க வரிசைக்கு மாறி, மை வறண்டு மீண்டும் கருமை தொடங்கும் இடம்வரை கண்ணைக் கொண்டுசெல்ல வேண்டும். அதுதான் ஒருமுறை மை தொட்டு எழுதிய நீளம். அந்த நீளத்துக்குள் எங்கே கோடு மெலிகிறது, எங்கே திட்டாகிறது, எங்கே இரண்டு எழுத்துகளை ஓர் இழை இணைக்கிறது என்று கவனித்த பின், அடுத்த ஓட்டத்தை அதனோடு ஒப்பிடலாம். யென் ஜென்ச்சிங்கின் வரைவில் இந்த ஓட்டங்கள் மிக நீளமானவை. ஒவ்வோர் எழுத்தையும் தனித்து நிறுத்தும் செந்நடைக் கல்வெட்டுகளில் அவை தெரிவதே இல்லை.